யாமத்துச் சார்ஜ்: மேல்மலை மின்கல இயல்

இவ்வாராய்ச்சி நுவலும் பொருள் மூன்று: எப்போது சார்ஜ் போடுவது, எத்தனை நேரம் போடுவது, போட்டதை எப்போது பிடுங்குவது. களம் பூண்டி. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி வேறு, மாதா கோயில் பூண்டி வேறு. இது பழனி மலையின் மேல்மலையில், மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம், கிளாவரை பஸ் போகும் வழியில் இருக்கும் பூண்டி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவிகள்: டச் போன், பட்டன் போன், தலையில் மாட்டும் டார்ச், கடைசியாகச் சுற்றுலா வருகிறவர்கள் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வரும் வேப் பேனா. லேப்டாப்பை விட்டுவிட்டோம். அதை வைத்திருப்பவர்கள் தம்மைத் தாமே ஆராய்ந்துகொள்ள வல்லவர்கள்.

பூண்டி குறிஞ்சி நிலம் என்பதில் எந்த உரையாசிரியருக்கும் ஐயம் இராது. மலை இருக்கிறது. பக்கத்துப் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். இந்நிலத்துக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இவ்விலக்கணம் தலைவனையும் தலைவியையும் நோக்கி வகுக்கப்பட்டது என்றே இதுகாறும் பாடம் நடத்தி வந்திருக்கிறார்கள். பின்னையும் சாக்கெட்டையும் நோக்கி வகுக்கப்பட்டது என்று கொண்டால் ஒரு சொல்கூடத் தள்ளாமல் எல்லாம் பொருந்துகிறது.

முதலில் யாமம். சாயங்காலம் ஆனால் மலையில் ஹீட்டர் போடாத லாட்ஜ் இல்லை. அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். டியூப் லைட் கண் சிமிட்டும், மிக்சி சலிப்போடு சுற்றும், ஃபிரிட்ஜ் முனகும். பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கினால் கரண்டும் நிதானத்துக்கு வரும். ஆகவே சார்ஜுக்கு உரிய பொழுது யாமம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சார்ஜரின் முதுகில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிகிற எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். வீட்டிலுள்ள அத்தனை சாமான்களும் லோ வோல்டேஜில் புலம்பும்போது புலம்பாமல் வேலை செய்வது அது ஒன்றுதான். ஆனாலும் "லோ வோல்டேஜ்ல போடாத, போன் போயிரும்" என்பது மேல்மலையின் உறுதியான கொள்கை. கொள்கை தவறு, அதனால் விளையும் பழக்கம் சரி. இந்த முரண் இக்கட்டுரை முழுவதும் தொடரும்.

அடுத்தது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை வந்தால் மரம் சாயும், சாய்கிற மரம் கம்பி இருக்கிற பக்கம் பார்த்துத்தான் சாயும். 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிற்று. மலைக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்பேர்ப்பட்ட கூதிரில் புணர்தல் ஏது? காத்திருத்தல்தான். அது முல்லையின் உரிப்பொருள். குறிஞ்சியில் முல்லை வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்பார்கள். மின்வாரியத்தில் அதையே லைன் ஃபால்ட் என்பார்கள்.

மற்றத் திணைகளை நீட்ட வேண்டியதில்லை. சார்ஜரை வத்தலக்குண்டு சொந்தக்காரர் வீட்டில் மறந்துவிட்டு வந்தால் பாலை. பின் லூசாகி, ஒரு தினுசாக மடக்கி அடியில் தீப்பெட்டி வைத்தால்தான் ஏறுவேன் என்றால் மருதம், ஏனெனில் இது ஊடல். ஒரு சதவீதத்தில் நெய்தல்.

சார்ஜ் எவ்வளவு ஏற்றலாம் என்பதில் மூன்று மதங்கள் உண்டு. முதலாவது வறட்சிவாதம்: போன் தானாக அணையும்வரை ஓட்டி, அதற்குப் பிறகே சார்ஜ் போட வேண்டும். இரண்டாவது நிறைவாதம்: நூறு காட்டினாலும் அரை மணி நேரம் கூடுதலாக விட்டுவை, உள்ளே இன்னும் கொஞ்சம் இறங்கும். மூன்றாவது அளவாதம்: இருபதுக்குக் கீழே விடாதே, எண்பதுக்கு மேலே ஏற்றாதே.

முதல் இரண்டும் செல்போன் கடைக்காரர்கள் வழியாக வந்த குருபரம்பரை. "புது போனா? எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க" என்ற உபதேசத்தைப் பெறாத தமிழர் இருக்க முடியாது. அது நிக்கல் மின்கலக் காலத்து உபதேசம். நிக்கல் காட்மியம் கலத்தை அரைகுறையாகத் தீர்த்துத் தீர்த்துச் சார்ஜ் போட்டால், அந்த அரையையே அது முழுசென்று பழகிக்கொள்ளும் என்று பயந்தார்கள். சாதி போனது, சடங்கு தங்கிவிட்டது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அந்த ஞாபகக் கோளாறு இல்லை. அடிமட்டம்வரை வற்ற விடுவதும் உச்சிவரை நிரப்பி வைப்பதும் இரண்டும் இதற்கு ஆகாது. நிறைவாதிக்குத் துணையாக ஒரு சாட்சி உண்டென்றால் அது யூபிஎஸ்ஸிலும் சோலார் வேலியிலும் இருக்கும் ஈய அமில பேட்டரி. நிறைந்தே இருந்தால்தான் அது பிழைக்கும், பாதியில் கிடந்தால் தட்டில் உப்புப் படிந்து கெடும். பெயர் இரண்டுக்கும் பேட்டரிதான். சுபாவம் மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ளது.

லித்தியம் கலத்தின் உள்விவகாரம் இது. வற்றிய நிலையில் ஏறக்குறைய 3 வோல்ட், நிறைந்த நிலையில் 4.2 வோல்ட், நடுவே 3.7 என்று பெயர்ப்பலகை. சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தை மளமளவென்று தள்ளும். 4.2ஐத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அதனால்தான் எண்பது வரை ஓடி வருகிற எண், கடைசி இருபதுக்கு நொண்டுகிறது. அந்த உச்சியில் கலம் இறுக்கத்தில் இருக்கிறது. அதோடு சூடும் சேர்ந்தால் ஆயுள் கரையும். இத்துறையில் பலரும் எடுத்தாளும் அட்டவணை ஒன்று உண்டு: 25 பாகை வெப்பத்தில் 40 சதவீதத்தில் ஓராண்டு சும்மா வைத்த கலத்துக்குத் தன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும், நூறில் வைத்ததற்கு 80தான் மிஞ்சும்.

இவ்விடத்தில் ஒரு சரித்திரக் குறிப்பு. 2019 புரட்டாசி பிறந்த வேளை மின்கல இயலுக்கு ராசியான வேளை. செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு மின்சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் மென்பொருள், ராத்திரி முழுக்கச் செருகி வைத்தாலும் எண்பதில் நிறுத்திக்கொண்டு, நீங்கள் எழும் நேரம் பார்த்து மிச்சத்தை ஏற்றும் வித்தையோடு வந்தது. மூன்று வாரத்தில், அக்டோபர் 9 அன்று, லித்தியம் அயனிக் கலத்துக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவித்தார்கள். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களில் அவரே மூத்தவர். ஆக ஒரே புரட்டாசியில் மின்கலத்துக்குப் பரிசு, அதற்கு ஒரு காவலாளி, அதை வைத்துப் புகைவிடும் பேனாவுக்குச் சிறை.

அந்த ஐபோன் காவலாளியால் ஒரு சமயப் பிரச்சினையும் எழுந்தது. தாயைக் குட்டி தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்கிற குரங்கு நியாயக்காரர்கள் அலாரம் வைத்து எழுந்து எண்பதில் பிடுங்குகிறார்கள். தாயே கவ்விக்கொண்டு போகட்டும் என்கிற பூனை நியாயக்காரர்கள் செருகிவிட்டுக் குறட்டை விடுகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்கும் காஞ்சிக்கும் தீராத வழக்கு தலைமாட்டுப் பிளக் பாயின்டில் மட்டும் எப்படித் தீரும்?

பூண்டிக்கு வருவோம். இங்கே எந்த மதமும் தேவைப்படவில்லை என்பதே இவ்வாய்வின் முடிபு. கரண்ட் வருகிறபோது போடு, போகிறபோது விடு. நாற்பதில் இருக்கும்போது வந்தால் எழுபதுவரை ஏறும், அதற்குள் போய்விடும். நூறைத் தொடும் வாய்ப்பு அபூர்வம். கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில் பத்துக்குக் கீழே விடுவதும் அபூர்வம். சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஊரே ஸ்வெட்டரில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் மூன்று மேதைகள் ஆயுளைச் செலவழித்துச் செய்த கலத்துக்கு எந்தப் பராமரிப்பு உகந்தது என்று கேட்டால், அந்தப் பராமரிப்பை மின்வெட்டு ஒரு பைசா வாங்காமல் மேல்மலைக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நன்றி தெரிவித்து மின்வாரியத்துக்கு எழுதலாமா என்று யோசித்தோம். பாராட்டு என்று அவர்கள் நம்புவது கடினம்.

முன்பனியில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மார்கழி, தையில் மேல்மலைப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். குளிரில் கலத்தின் உள்ளே அயனிகள் மந்தமாகி, உள்தடை கூடி, வோல்டேஜ் சட்டென்று சரியும். இருபத்தைந்து காட்டிக்கொண்டிருந்த போன் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். இதற்கு மேல்மலை வைத்தியம், போனை ஜெர்கினுக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது. கொஞ்ச நேரத்தில் உயிர் வரும், போன சதவீதமும் திரும்பி வரும். இது மூடநம்பிக்கை அன்று, சுத்தமான மின்வேதியியல். ஆனால் சில்லிட்ட போனை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்யம் பாகைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும், படிந்தது திரும்பாது. அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடுவது நலம். அடுப்பின் மேல் வைப்பது நலமன்று.

இங்கே சார்ஜ் எதற்குச் செலவாகிறது என்பதும் ஆராயத் தக்கது. பேசுவதற்கு அல்ல, டவரைத் தேடுவதற்கு. சிக்னல் மெலிய மெலிய போன் குரலை உயர்த்திக்கொண்டே போகும், கலம் தீர்ந்துகொண்டே வரும். கரண்ட் போய் டவரும் படுத்துவிட்டால் இராத்திரி முழுக்க அது இல்லாத டவரைக் கூவி அழைத்துக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, விடிந்ததும் டவர் கிடைக்கிற மேட்டுக்கு நடக்கிறார்கள். முதல் அழைப்பு அநேகமாக வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போகும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் விலையைச் சொல்வது குறியீடு அல்ல, வடுகபட்டிச் சந்தை. அன்றைய விலை தெரியாமல் மூட்டையை ஏற்றியவரின் நஷ்டத்தை எந்த மில்லி ஆம்பியர் கணக்கிலும் எழுத முடியாது.

டார்ச்சின் கதை வேறு. குறிஞ்சித் தொழில்களில் தினைப்புனம் காத்தல் ஒன்று. தினை போய் உருளைக்கிழங்கும் கேரட்டும் வந்தன, கிளி போய்க் காட்டுமாடும் பன்றியும் வந்தன, கவண் போய்த் தலையில் மாட்டும் டார்ச் வந்தது. இதன் சார்ஜை யாரும் சதவீதத்தில் சொல்வதில்லை, தூரத்தில் சொல்கிறார்கள்: "அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் அடிக்குது" என்றால் நிறைவு, "வரப்பு வரைக்கும்தான்" என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரே நிற்பது முள்செடியா காட்டுமாடா என்று பிரித்தறிய எத்தனை வெளிச்சம் போதும் என்பதைச் சோதனை செய்து பார்க்க இவ்வாய்வாளர் முன்வரவில்லை. இந்த வகையில் என்றும் புகழுக்குரியது 2003இல் வந்த நோக்கியா 1100. உச்சியில் டார்ச், உள்ளே பிஎல்-5சி பேட்டரி, ஒரு தடவை போட்டால் நாள்கணக்கில் நிற்கும். அந்தப் பேட்டரிக்கும் ஒரு சோதனை வந்தது. 2007 ஆகஸ்டில், மட்சுஷிட்டா நிறுவனம் செய்துகொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜில் சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது. இந்தியா முழுவதும் ஜனங்கள் போனைக் கழற்றிப் பேட்டரியின் முதுகில் இருந்த எண்ணைப் படித்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தது அறிவொளி இயக்கத்துக்குப் பிறகு அப்போதுதான் இருக்கும்.

பொருளியல் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை நிரப்ப, சேதாரம் சேர்த்து 25 வாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்கு 40 தடவை. அரசு, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் 4000 தடவை. நாளுக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 11 ஆண்டு. பழனிப் பாதயாத்திரைக் காலத்தில் ரோட்டோரக் கடை ஒன்று போனுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் யூனிட்டுக்கு 400 ரூபாய் ஆகிறது. இந்த விலையில் விற்க முடிந்திருந்தால் மின்வாரியத்துக்குக் கடனே இருந்திராது.

இனி வேப் பேனா. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இதைச் செய்ய, இறக்குமதி பண்ண, விற்க, விளம்பரப்படுத்தத் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். எனவே இது மலைக்கு வரும்போதே ஒளிந்துதான் வருகிறது. காட் ரோட்டில் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்புகிற அதே காரணத்தால் பேனாவின் குப்பிக்குள் அடைபட்ட காற்று விரிந்து, எண்ணெயை வெளியே தள்ளுகிறது. பெருமாள்மலை தாண்டியதும் சட்டைப்பையில் வட்டமாக ஓர் ஈரக்கறை தெரிந்தால் ஒளித்ததில் பாதி வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். பூண்டிக் குளிரில் மிச்ச எண்ணெய் பாகாக இறுகும். இழுக்கிறவர் இன்னும் பலமாக இழுப்பார், உள்ளே கம்பிச்சுருள் இன்னும் நேரம் எரியும், சின்னக் கலம் சீக்கிரம் தீரும். ஆகையால் போனுக்கு ஒரு சார்ஜ் என்றால் பேனாவுக்கு இரண்டு.

அந்தக் கலம் நிஜமாகவே சின்னது. 350 மில்லி ஆம்பியர் மணிப் பேனாவுக்கு அரை ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போதும். விளக்கு பச்சையானதும் பிடுங்க வேண்டும். மட்டரகப் பேனாவில் தானே நிறுத்திக்கொள்ளும் சர்க்யூட் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப ஆதாரம் எதுவும் இல்லை. விமானத்தில் இதைச் செக்-இன் பெட்டிக்குள் வைக்கவும், ஆசனத்தில் சார்ஜ் போடவும் 2015இலேயே சர்வதேச சிவில் விமான அமைப்பு தடை போட்டுவிட்டது. ஆனால் ஒளித்து வைத்திருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார்? தலையணைக்கு அடியில், இரண்டு கம்பளிக்குக் கீழே, விடிய விடிய. ஊரிலேயே சூடான இடம் அதுதான். உறைபனி விழுகிற மேல்மலையில் ஒரு லித்தியம் கலத்தைச் சூட்டில் சாகடிக்க வேண்டுமானால் அதற்குத் தனி முயற்சி வேண்டும். சட்டத்துக்கு அஞ்சுகிறவர் அம்முயற்சியை மனமறியாமல் செய்துவிடுகிறார்.

மேல்மலை வீடுகளில் மலைப்பூண்டைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை மூட்டம் போடுவது வழக்கம், விதைப்பூண்டு கெடாது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, விருந்தினரைத் தங்கவைக்கும் வீடு ஒன்றில் நிகழ்ந்ததாகப் பேசிக்கொள்ளும் பின்வரும் உரையாடலைக் காண்க.

"என்ன தம்பி இது, கட்டிலுக்குப் பின்னாடி செருகி வெச்சிருக்க?"

"பேனாக்கா."

"பேனாவுக்கு எதுக்குப்பா சார்ஜு?"

"இது வேற மாதிரி பேனாக்கா. எழுதாது. புகை வரும்."

"புகை வேணும்னா சொல்ல வேண்டியதுதான? பூண்டுக் கொட்டாயில வந்து குத்த வெச்சு உக்காரு. சார்ஜே போட வேணாம்."

தம்பி ஊருக்குக் கிளம்பும்போது பேனா அணைந்து போயிருந்தது, விட்டுவிட்டுப் போனார். இங்கே ஆய்வு சிக்கலான கட்டத்தை அடைகிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, செத்த கலத்தைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த உற்பத்தியாளரின் கடமை. தடை செய்யப்பட்ட பொருளுக்குச் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளரே கிடையாது. ஆகவே திரும்பப் பெற ஆள் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குப் பசுமை வரி வாங்குகிற மலையில், பேட்டரியோடு கூடிய பேனாவுக்கு எந்தத் தொட்டி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அடுப்பில் போட்டால் வெடிக்கும், வயலில் போட்டால் பூண்டுக்கு ஆகாது. அக்கா அதை எடுத்து, உப்பிப்போன பிஎல்-5சி ஒன்றும் டார்ச் செல் நாலும் கிடக்கும் பிஸ்கெட் டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டார்.

மின்சிகரெட் இருப்பைத் தெரிந்தே தம் இடத்தில் வைக்க விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இருப்பு என்று கணக்கிட ஒரு செத்த பேனா போதுமா, இரண்டாவது வேண்டுமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். டப்பாவில் இப்போதைக்கு ஒன்றுதான் கிடக்கிறது. சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை.